நாலாவது அறைக்கு வாசித்த ஓலை

1937ஆம் வருடம் மர்பி டவுனில் கொத்தனார் டொமினிக்கின் ஒற்றை அறை வீட்டுக்குள் இரண்டாவதாக ஓர் அறை முளைத்தது. வெளியே அளந்தால் பழைய ஒன்பதடிதான். உள்ளே, அவர் மகன் கிளாரன்ஸ் கணித ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஒரு தேற்றத்தை நிரூபித்து முடிக்கும்போதெல்லாம் ஓர் அறை கூடியது. அந்தக் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் வேறு யாருமில்லை; மேல்படிப்பு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் தன் மகனையும் கணக்கில் தள்ளிப் பார்த்தார். ஒரு மாடக்குழிகூட முளைக்கவில்லை.

மூன்று வருடத்தில் மூன்று தேற்றம், ஆக வீட்டில் நாலு அறை. நாலாவதில், பிரசவத்துக்கு வந்த அக்கா நோரா கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது அம்மா அல்போன்சா, "குடுத்தப்புறம் என்னடா ஆவும்?" என்று கேட்டாள். "தப்பு தெரிஞ்சவங்க சொல்லுவாங்கம்மா. யாரும் சொல்லலன்னா பட்டம்." அல்போன்சாவுக்குத் தெரிந்து அப்படி ஓர் ஏற்பாடு கல்யாண ஓலைதான். மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை மாதா கோயிலில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். அவள் சாமியார் முன்னால் நின்று அழுது, மூன்று தேற்றங்களையும் ஓலையில் சேர்த்துவிட்டாள். சாமியாரும் மணமக்களை வாசித்த அதே ராகத்தில் அவற்றை வாசித்தார். கிளாரன்ஸ் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இரண்டு ஞாயிறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு டொமினிக் எழுந்து நின்றார்.

"சாமி, நாலாவது ரூமுக்குத் தடை இருக்கு. மூலைமட்டம் வெச்சுப் பாத்தேன். ஒரு மூலை சேரல."

"உக்காருங்க! பெத்த புள்ளைக்கே தடை சொல்ற அப்பன் எங்கயாச்சும் உண்டா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அல்போன்சா கத்தினாள்.

"சேராத மூலையில பேரப்புள்ள தூங்குது" என்றார் டொமினிக்.

கிளாரன்ஸ் எட்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், மூன்றாவது தேற்றத்தின் பதினோராம் வரியில், நிரூபிக்காமல் 'வெளிப்படை' என்று எழுதித் தாண்டிய இடம் அகப்பட்டது. களைத்துப்போன கணிதக்காரர்கள் எழுதுகிற வார்த்தை அது. வரியை அடித்தால் அறை போகும், பட்டமும் தள்ளிப்போகும். விட்டால் பரீட்சகர்கள் கவனிக்காமல் இருக்கலாம், சுவர் கவனிக்கும். நோராவையும் குழந்தையையும் முதல் அறைக்கு மாற்றிவிட்டு வரியை அடித்தான். அறை ஓசையில்லாமல் போனது, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியோடு. அந்த ஜாடிக்காக நோரா அவனைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் தேற்றம் ஒழுங்காக வந்தது. அறையும் வந்தது, முன்னைவிடச் சின்னது, ஜன்னல் கிடையாது. டொமினிக் நாலு மூலையிலும் மட்டம் வைத்துப் பார்த்தார். மட்டத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டார், அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை. பிறகு உளியை எடுத்தார்.

"ஜன்னல் எம் பொறுப்பு."

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லப்பா. வெளிய நின்னு பாத்தா இந்தச் சுவரே கெடையாது."

"காத்து வரணுமில்ல?"

காற்று வந்தது. அடுத்த வருடம் பட்டமும் தபாலில் வந்தது. தெருவில் எங்கு நின்று பார்த்தாலும் அந்த ஜன்னல் தென்படாது. வடக்கு பார்த்த ஜன்னல், அதில் போட்ட துணி காய நேரமாகிறது என்பது மட்டும்தான், பிரசவத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட நோராவுக்கு அதில் குறை.