ஒரே அழுத்தா, பல அழுத்தா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் டிவி ரிமோட் கெட்டுப்போனதால். திருவனந்தபுரம் கரமனையில் பழுதுபார்க்கிறவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். சில ரிமோட்டுகளில் ஒவ்வொரு சமிக்ஞையோடும் ஓர் எண் போகுமாம். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் அது மாறாது. விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் பூஜ்யம் ஒன்றாகும், ஒன்று பூஜ்யமாகும். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அந்த எண்ணுக்காக என் மனசில் ஒருத்தி அழுதுகொண்டு வந்து நின்றுவிட்டாள். என்ன செய்ய?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கரமனையாறு அன்று கலங்கி ஓட—

[வேண்டாம் மக்களே. ஆற்றை இழுத்து வந்தால், கதைக்கு முன்னால் நானே அழுதது போலாகும்.]

பொன்னம்மை நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கணவர் அனந்தபத்மநாபன் திருவனந்தபுரத்திலேயே பிறந்து, மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் உத்தியோகம் பார்த்தவர். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சுப் போனதும், பழுதுபார்க்கும் வேலாயுதன் ஒரு பழைய ரிமோட்டைக் கையில் கொடுத்தான். அழுத்தினால் அடுக்களையில் மணி அடிக்கும். வந்த சமிக்ஞைகளை அந்த மணிப்பெட்டி வரிவரியாகக் குறித்தும் வைக்கும்.

பல நேரம் அவர் கை அறியாமல் பொத்தான்மேல் கிடக்கும். மணி விடாமல் அடிக்கும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கும் அப்படித்தான் அடித்தது. பொன்னம்மை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அமத்துங்க!" என்று கத்தினாள். அவள் ஊரில் அதற்கு 'நிறுத்துங்கள்' என்று பொருள். வடித்து முடித்துப் போய்ப் பார்த்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மலையாளத்தில் 'அமர்த்து' என்றால் அழுத்து. அவளுக்கு அது நாற்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் கத்தும்போது வாயில் பிறந்த ஊர்தானே வரும்? எனக்கு இது இரண்டாம் முறை எழுதும்போதுதான் தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.)

3

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் வேலாயுதன் மணிப்பெட்டியைக் கணினியில் இணைத்தான்.

"எனக்க மிக்ஸிய மூணு தடவ கெடுத்தவன், இதையா வாசிக்கப் போற?" என்றாள் பொன்னம்மை.

"மிக்ஸி ஒண்ணும் எழுதி வைக்காதுக்கா. இது வச்சிருக்கு."

[இந்த வேலாயுதன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. இரக்கப்படுகிறவன், இரக்கத்தில் பொய் சொல்லிவிடுவான். கதையிலிருந்தே அடித்துவிடப் பார்த்தேன். அப்புறம் வாசிக்க ஆளில்லை.]

மாறும் எண்ணைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல, அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அவ்வொ கை சும்மா கெடந்துதா, இல்ல என்னயக் கூப்பிட்டாவளா? அது மட்டும் சொல்லு போதும்."

"எது வரணும்னு இருக்குக்கா?"

"கூப்பிடல்லன்னா எனக்கு இத்திரியாவது உறக்கம் வரும்." விரலில் சுற்றின தலைப்பை அவிழ்த்தாள். "ஆனா கடசீல அவ்வொளுக்கு நான் வேண்டாம்னு ஆயிருமே, டேய்."

4

எண் மாறவே இல்லை என்று எழுதினேன். அவள் முன்னைவிடத் தனியாகிப் போனாள். அடித்துவிட்டேன்.

எண் மாறி மாறி வந்தது என்று எழுதினேன். கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் அவள் அடுக்களைக்குள் கால் வைக்கவில்லை. அதையும் அடித்தேன்.

மூன்றாவது ஒன்று உண்டு. முதலில் வெகுநேரம் ஒரே எண். கை சும்மா கிடந்திருக்கிறது. பிறகு திடீரென்று மாறத் தொடங்குகிறது. அவள் கத்தின 'அமத்துங்க'வைத் தன் மொழியில் கேட்டு, அவள் சொன்னபடியே அவர் மறுபடியும் மறுபடியும்—

இதற்குமேல் எனக்குக் கை வரவில்லை.

வேலாயுதன் வாசித்துவிட்டான், திரை அவன் பக்கம் இருக்கிறது. அவள் எதிரே நிற்கிறாள். நீங்களே சொல்லுங்கள், மக்களே. எதைச் சொன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் இவ்வளவும் காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.