பதிப்பு ஒன்றும் ராகுகாலமும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மாடியறை, அதற்குள் மூன்று கணினிகள். 'இருப்பிடம்' என்ற இலவச மென்பொருள் பிறந்தது அங்கேதான். இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிவதற்கானது. எவரும் எடுத்துப் பாவிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். நோட்டீசில் மட்டும்தான். திருத்துவதற்குச் செயற்குழு அனுமதிக்க வேண்டும். 2007இல் மூன்று மாதமாகச் செயற்குழுவுக்கு வேறு வேலை இருந்தது. மென்பொருளில் வரும் பிழைகளை, அதாவது வழுக்களை, பதிந்துவைக்க எந்த ட்ராக்கரைப் பாவிப்பது என்று தீர்மானிக்கும் வேலை.

நிரலின் பெரும்பகுதியை எழுதியவள் புஸ்பராணி. உப்புவெளியிலிருந்து, ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறிச் சைக்கிளில் வருவாள். ட்ராக்கர் வரும்வரை வழுக்களை சி.ஆர். கொப்பி என்ற தடித்த குறிப்பேட்டில் குறித்துவந்தாள். பதினேழாவது வழு அவளுடைய நித்திரையைக் கெடுத்தது. ஒரு குடும்பம் முகாம் மாறினால் பழைய பதிவு மறைந்துவிடும், புதியதும் தெரியாது. சம்பூரிலிருந்து வெருகல், மட்டக்களப்பு, கிளிவெட்டி என்று அலைந்த அவளின் பெரியம்மா கனகம்மாவும் அப்படித்தான் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்த அந்த மென்பொருளின் பட்டியலைப் பார்த்துத்தான் நிவாரண அட்டை கொடுப்பார்கள்.

"சேர், பதினேழைத் திருத்திப்போட்டன். முதற் பதிப்பை இப்பவே வெளியிடுவம்," என்றாள்.

அமைப்பாளர் சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனிதர், அவசரப்படமாட்டார்.

"பிள்ளை, கொப்பியில கிடக்கிறது வழு இல்லை. முறையாப் பதிஞ்சாத்தான் அது வழு."

"பதியிறதுக்கு இடமில்லையே, சேர்?"

"ஓம். அதுக்குத்தானே உபகுழு போட்டிருக்கு."

உபகுழு என்றால் பாயிஸ். மூன்று ட்ராக்கர்களை ஒப்பிட்டு நாற்பது பக்க அறிக்கை எழுதியிருந்தார். வியாழக்கிழமை வாக்கெடுத்து ஒன்றைத் தெரிவுசெய்தார்கள். அதன் நீல நிறம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பதிப்பு வெளியீட்டு விழா திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெள்ளி காலையில் ராகுகாலம், பின்னேரம் பிரதம விருந்தினருக்கு வசதியில்லை.

வெள்ளி காலை கனகம்மாவே பஸ் பிடித்து வந்து படியேறினாள். சோமசேகரம் மிகுந்த மரியாதையோடு கதிரை காட்டினார்.

"அம்மா, பாதிக்கப்பட்டவை தாங்களேதான் ட்ராக்கரில முறைப்பாடு பதியவேணும். பட்டியலில உங்கட இலக்கம் என்ன?"

"பட்டியலில என்ர பேர் இல்லையெண்டுதானே தம்பி வந்தனான்."

"அப்ப பதிய ஏலாதம்மா. இலக்கம் இல்லாத ஆளை அது ஏற்காது."

கனகம்மா அமரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இஞ்சதானே நிக்கிறன்," என்றாள்.

புஸ்பராணி எழும்பினாள். மணி பத்தே முக்கால், நல்ல ராகுகாலம். கணினியின் முன்னால் போய் இருந்தாள். குத்துவிளக்கில்லை, வரவேற்புரையில்லை, நன்றியுரையுமில்லை. சோமசேகரம் "பிள்ளை, பிள்ளை" என்று எழும்புவதற்குள் முதற் பதிப்பு வெளியாகிவிட்டது. மறைந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பட்டியலுக்குத் திரும்பி வந்தன. கனகம்மாவின் பெயருக்கு நேரே இலக்கம் இருந்தது. அதை ஒரு துண்டில் எழுதிப் பெரியம்மாவின் கையில் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை நீல ட்ராக்கரில் முதலாவது வழுவைச் சோமசேகரமே தன் கையால் பதிந்தார். "பதிப்பு ஒன்று அனுமதியின்றி ராகுகாலத்தில் வெளியானது. முன்னுரிமை: அதி அவசரம். பொறுப்பு: புஸ்பராணி."

புஸ்பராணி அதைத் திறந்து, நிலை என்ற இடத்தில் தெரிவுசெய்தாள்: "திருத்தப்படமாட்டாது."