பூங்காவில் மூன்று மொட்டைகள்

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி உத்திரம். பழனி அடிவாரத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்பவளிடம் அடையாளம் கேட்டால் அவள் என்னத்தைச் சொல்வாள்?

"நாலு வயசுங்க, பொம்பளப் பிள்ளை. மொட்டை அடிச்சு, சந்தனம் பூசி, மஞ்சப் பாவாடை கட்டியிருக்கும்" என்றாள் பொன்னுத்தாய்.

ஒலிபெருக்கிக்காரர் தெருவைக் கை காட்டினார். "ஊரே அப்படித்தாம்மா கெடக்கு."

அவர் கேலி பேசவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சந்தனம் பூசிய குட்டி மொட்டைகள்தான்.

பொன்னுத்தாய்க்கு ஊர், மலைக்காட்டில் பூண்டு விளையும் கிளாவரை. போன மழைக்காலத்தில் மகள் வள்ளி காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மூன்று பேரும் முடி கொடுப்பதாக முருகனிடம் நேர்ந்துகொண்டாள். பிழைத்தது. பூண்டு எடுத்த கையோடு புருஷன் திருமலைச்சாமியும் அவளுமாகப் பிள்ளையோடு மலையிறங்கினார்கள். முடி இறக்கும் கொட்டகையில் முதலில் வள்ளிக்கு ஆயிற்று. பிறகு ஆண்கள் பக்கம் அவன் உட்கார்ந்தான், பெண்கள் பக்கம் இவள். பிள்ளை அப்பனிடம் இருக்கிறது என்று இவள் நினைத்தாள். அம்மாவிடம் இருக்கிறது என்று அவன் நினைத்தான். இருவரும் தலை நிமிர்ந்தபோது பிள்ளை யாரிடமும் இல்லை. மயிரைக் கொடுக்க வந்து பிள்ளையையே கொடுத்துவிட்டோமே என்று புலம்பிக்கொண்டே அவள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினான். இவள் கடைத்தெரு முழுக்கப் பெயர் சொல்லிக் கத்தினாள். முருகன் ஊரில் "வள்ளி" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்! மேளமும் அரோகராவும் காவடிக் கூட்டமும் அவள் குரலை அப்படியே விழுங்கின. உச்சிவெயில் ஏறுவதற்குள் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு சந்துக்குள் திரும்பினாள். இரண்டு சத்திரங்களுக்கு நடுவே கைக்குட்டை அளவில் ஒரு நகராட்சிப் பூங்கா. ஒரு புங்கமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு குழாய். கதவைச் சாத்தினாற்போல் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

அப்போது குழாயடியில் ஒரு குட்டி மொட்டை திரும்பிப் பார்த்தது. வள்ளியேதான்!

பாய்ந்து போய்த் தூக்கினாள். பிள்ளை வீரிட்டு அலறியது. உதறிக்கொண்டு ஓடி, பெஞ்சில் கண்ணசந்திருந்த பஞ்சாமிர்தக் கடைக்காரர் நாச்சிமுத்துவின் காலைக் கட்டிக்கொண்டது.

"ஏம்மா, யாரு நீ? ஒன்னையப் பார்த்து இந்தக் கத்துக் கத்துது?"

"எம் பிள்ளைங்க..." குரல் எழும்பவில்லை.

"ஒம் பிள்ளைன்னா ஒங்கிட்ட வராதா? இரு, போலீசைக் கூப்பிடுறேன்."

அவர் மேல் என்ன குற்றம்? கொண்டை இல்லை, பூ இல்லை, குரலும் இல்லை. அம்மாவை மொட்டையாக வள்ளி பார்த்ததே கிடையாது. பொன்னுத்தாய் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதை நம்பவைக்க ஒன்றுமில்லாமல் நின்றாள்.

பிறகு என்ன தோன்றியதோ, முந்தானையை எடுத்துப் பனிக்காலத்தில் போர்த்துகிற மாதிரி தலையோடு போர்த்திக்கொண்டாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். பூண்டுக் காட்டுக்கு ஏறும்போது தினமும் இப்படித்தான்.

"ஏறு தாயி. உப்புமூட்டை. வெரசா."

காற்றுப் போன்ற அந்தக் குரல் கடைத்தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. இங்கே கேட்டது. அழுகை நின்றது. சின்னப் பாதங்கள் தயங்கித் தயங்கி வந்தன. இரண்டு கைகள் அவள் கழுத்தைக் கட்டின; அந்தப் பாரம் முதுகில் ஏறிய பிறகுதான் பொன்னுத்தாய்க்கு மூச்சே முழுதாக வந்தது.

பிள்ளையின் விரல்கள் முந்தானைக்குள் நுழைந்து தடவின.

"அம்மா, ஒனக்கும் வெட்டிட்டாங்களா?"

பொன்னுத்தாய் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். "நீ நல்லா இருக்கணும்னுதான்டி, தங்கம்."

நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று மரத்தைத் திட்டினார்.

சந்து சந்தாகத் தேடிக்கொண்டு வந்த திருமலைச்சாமி வாசலில் நின்றான். மீசையும் போய், உரித்த பூண்டு மாதிரி இருந்தது முகம். "வள்ளி!" என்று ஓடிவந்தான். பிள்ளை வாயைக் கோணியது.

பொன்னுத்தாய் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"கிட்ட வராதீங்க. திரும்பி உக்காந்து முதுகைக் காட்டுங்க."