பித்தளை மூடி

எங்களுக்கு ஒரு பாய்மரப் படகு இருக்கிறது என்று சொன்னால், ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் முதலில் காவிரியைத்தான் நினைப்பார்கள். அம்மா மண்டபம் பக்கமா என்று கேட்பார்கள். இல்லை, துவாக்குடியில், ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் தரையில் நிற்கிறது என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வேணி டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்று பெயர் வாங்கியிருப்பதால் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

படகு என் கணவர் ஜெய்சங்கருடையது. பாய்லர் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தார். படகு இருபத்து நான்கு அடி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு உண்டு, இறங்கும் படிக்குக் கீழே சின்ன டீசல் இன்ஜின். பாண்டிச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினார். கஜா புயலில் படகுகள் தென்னந்தோப்புக்குள் கிடந்ததைப் பார்த்தவர் என்பதால் மழைக்காலத்தில் அதைக் கடற்கரையில் விட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை. மாசியில் காரைக்காலில் கடலில் இறக்குவார். வைகாசி முடிந்ததும் லாரியில் ஏற்றி நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே கொண்டுவந்து தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவார். நான் ஒரே ஒரு தடவை அதில் ஏறினேன். கரை மறைவதற்குள் வாந்தி எடுத்தேன். இனிமேல் கூப்பிடாதீங்க என்றேன். அவரும் கூப்பிடவில்லை.

போன ஜூலையில் அவர் இறந்துபோனார். இப்போது மாசி. பட்டறைக்காரர் வெள்ளைச்சாமி இடத்தைக் கொடுத்துவிட்டு உப்பிலியபுரத்துக்கே போகிறார். திங்கட்கிழமை இடத்தைக் காலிசெய்ய வேண்டும். காரைக்காலில் ஜெய்சங்கருக்குப் பழக்கமான அற்புதசாமி ஞாயிற்றுக்கிழமை வந்து படகைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், மறுபடி கடலில் ஓடும். பிடிக்காவிட்டால் வெள்ளைச்சாமியின் ஆட்கள் மறுநாள் கட்டர் வைத்து அறுத்துவிடுவார்கள்.

எனக்கு அது கடலுக்குப் போயாக வேண்டும். அவர் விட்டுப்போனவற்றில் நான் சரியாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

அவரிடம் ஒரு சிவப்பு அட்டை நோட்டு உண்டு. படகைக் கடலிலிருந்து எடுத்ததும் என்னென்ன செய்ய வேண்டும், எந்த மாதம் என்ன வேலை என்று வரிசையாக எழுதி, முடித்ததற்கெல்லாம் டிக் போட்டிருப்பார். ஜூன் மாதப் பக்கம் முழுக்க டிக். ஜூலையில் இரண்டு டிக்தான். மூன்றாவது வரியிலிருந்து நான் செய்தேன். பாட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்த படகுப் பாய்களை மொட்டை மாடியில் விரித்து உலர்த்தி, பழைய மடிப்பில் விழாமல் வேறு மடிப்பில் மடித்து வைத்தேன். எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் மயிலம்மாள், கல்யாணப் பந்தலா என்று ஒவ்வொரு மாதமும் கேட்டார். ஒவ்வொரு மாதமும் இல்லை என்றேன்.

நான் அழவில்லை என்பது குடும்பத்தில் ஒரு பேச்சாக இருந்தது. கே.கே. நகரிலிருந்து என் நாத்தனார் சகுந்தலா அண்ணி வாரம் ஒரு முறை வருவார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுவார்.

"தூக்கத்துலயே போயிட்டான். ஒரு வலி இல்ல, வேதனை இல்ல. விதி அவ்வளவுதான் வேணி. அழுதுடும்மா, மனசுல வச்சுக்காத."

நான் தலையாட்டுவேன். காபி போடட்டுமா என்பேன். மனசில் அழுகை இருந்தால்தானே வெளியே வரும். வகுப்பில் சமன்பாடு எழுதினேன், வீட்டில் பால் காய்ச்சினேன், நோட்டில் டிக் போட்டேன். எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

தூக்கத்தில் போனார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை என்றுதான் சொன்னேன். அது உண்மை. நாலு மணிக்கு நடந்ததை யாரும் கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பு. நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், வேர்த்திருந்தது. வாயு, மூணு தடவை குழம்பு ஊத்திக்கிட்டா வேற என்ன ஆகும் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். இஞ்சி தட்டி, ஓமம் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்து, பேசாமல் படுங்கள் என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியபோது டாக்டர் நாடி பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவரும் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது என்று அண்ணி போன் செய்து நினைவுபடுத்தினார். ஆனால் பட்டறைக்கு என்ன தீட்டு? வெள்ளைச்சாமியே கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, லேத்து, டிரில்லு எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறோம். கப்பலும் இங்கதானே நிக்குது. அதை மட்டும் விட்டா நல்லாருக்குமா? நீங்களே வந்து தொடச்சு வச்சிட்டுப் போங்க."

போனேன். தார்ப்பாயை அவிழ்த்து, மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். சுக்கான் கட்டையில் ஒரு சிவப்புக் கயிற்றில் பித்தளை மூடி ஒன்று தொங்கியது. கட்டைவிரல் பருமன், மரை போட்டது, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பூஜைக்கு முன்னால் பித்தளை என்று கண்ணில் பட்டால் நம் வீடுகளில் பெண்களுடைய கை சும்மா இருக்காது. பித்தளைக்கு ஏன் புளி என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கிறவள் வேறு. பட்டறைத் தாம்பாளத்தோடும் குத்துவிளக்கோடும் சேர்த்து அந்த மூடியையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது.

தேய்த்த சாமானை அதன் இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா? அதன் இடம் எது என்று தேடினேன். படகின் பின்பக்கம், அடியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு ஓட்டை, அதே அளவு. எனக்கு எரிச்சல்கூட வந்தது. மனுஷன் எதையும் மூட மாட்டார். பற்பசை, பேனா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் இருபத்தாறு வருடமாக நான்தான் மூடினேன். படகின் அடியில் ஓட்டையையும் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார் பார் என்று திருகி, வெள்ளைச்சாமியிடம் ஸ்பேனர் வாங்கி இறுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். அன்றைக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது. அவர் போன பிறகு ஏதாவது ஒன்றை உணர்ந்தேன் என்றால் அது அந்தத் திருப்திதான்.

பிறகு மழை தொடங்கியது. நவம்பர், டிசம்பர் பக்கத்தில், தார்ப்பாயை அவிழ்க்காதே, உள்ளே ஈரம் போகும் என்று எழுதியிருந்தார். நான் அவிழ்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அற்புதசாமி லாரியோடு வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். ஆட்டோவில் நான் கொண்டுபோயிருந்த பாய்களை முதலில் விரித்துப் பார்த்தார். விரலால் தையலைத் தடவினார்.

"மடிப்பை மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க."

"நோட்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு சார்."

"எழுதியிருந்தாலும் யாரும்மா செய்றாங்க? சார் படகுன்னா சார் படகுதான்."

லாரி டிரைவரிடம் கயிற்றை எடுத்து வைக்கச் சொன்னார். வெள்ளைச்சாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

தார்ப்பாயை அவிழ்த்தார்கள். மதில் சுவர்ப் பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், அது ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலே, ஆட்கள் உட்காரும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நின்றது. அற்புதசாமி ஏணியில் ஏறிக் கதவுப் பலகையை உருவினார். நாற்றம் எனக்குக் கீழேயே வந்தது. நானும் ஏறிப் பார்த்தேன். உள்ளே படுக்கை மட்டத்துக்குக் கறுப்புத் தண்ணீர். டீசல் மேலே படர்ந்திருந்தது. மெத்தை ஒன்று மிதந்தது. அடுப்பு தெரிந்தது, இன்ஜின் தெரியவில்லை.

அவர் இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்து, அடியில் கையை விட்டார். கை நின்றது. அவரும் நிமிராமல் அப்படியே நின்றார்.

"இதை யாரு மூடினது?"

வெள்ளைச்சாமி அவசரமாகச் சொன்னார். "நம்ம ஆளுங்க யாரும் கப்பலத் தொடவே மாட்டாங்க சார்."

"மூடியிருக்கே. தரையில நிக்கிற படகுக்கு இது திறந்தே இருக்கணும். பெய்ற மழை அது வழியா ஒழுகிப் போயிடும். கடல்ல இறக்கறப்ப மறந்துடக் கூடாதுன்னு சுக்கான்ல கட்டித் தொங்கவிடறது. ஜெய்சங்கர் சார் ஒரு நாளும் மூடி வைக்க மாட்டாரு. யாரு மூடினது?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஜூன் பக்கம், முதல் வரி. 'அடிமூடியைக் கழற்று. சுக்கானில் கட்டு.' பக்கத்தில் டிக். டிக் போட்ட வரியை யார் திரும்பப் படிக்கிறார்கள்? நான் மூன்றாம் வரியிலிருந்து தொடங்கியவள்.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"திறங்க."

குனிந்தேன். குங்குமம் ஒரு கறையாக இன்னும் ஒட்டியிருந்தது. இறுக்கியது நான்தான் என்பதால் எவ்வளவு இறுக்கம் என்பது எனக்குத் தெரியும். நாலாவது சுற்றில் மூடி கையோடு வந்தது. கறுப்புத் தண்ணீர் புடவையிலும் செருப்பிலும் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தது.

அற்புதசாமி மறுபடி ஏறி, டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு இறங்கினார். "இன்ஜின் போச்சும்மா. உள்ள மரமெல்லாம் ஊறி விட்டுப்போச்சு. என்னால எடுக்க முடியாது. பாயும் பாய்மரமும் வேணா கொண்டுபோறேன், வேற படகுக்கு ஆகும்." கயிற்றைத் திரும்ப உள்ளே போடும்படி டிரைவருக்குக் கை காட்டினார்.

அப்படியென்றால் நாளைக்கு அறுப்பார்கள்.

வெள்ளைச்சாமி நல்ல மனிதர். எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சரம்மா? உங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் விதி."

அந்த வார்த்தையை எட்டு மாதமாகக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அன்று தலை ஆடவில்லை.

"விதி இல்லண்ணே. நான்தான் மூடினேன்."

"சரிம்மா, தெரியாமத்தானே…"

"அவருக்கு நாலு மணிக்கே வலி வந்துடுச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டாரு. வாயுன்னு சொன்னது நான்தான். படுங்கன்னு சொன்னதும் நான்தான்."

டிரைவர் லாரிக்கு அந்தப் பக்கமாகப் போனார். கையில் மூடியை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அற்புதசாமிதான் கேட்டார். "எத்தனை மணிக்குக் கொண்டுபோனீங்க?"

"ஆறுக்கு மேல."

"ரெண்டு மணி நேரம்."

"ஆமா சார்."

அவர் விதி என்று சொல்லவில்லை. உங்கள் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. "ரொம்ப நேரந்தான்மா" என்றார்.

"ரொம்ப நேரம்" என்றேன். ஸ்டூல் பக்கத்தில் இருந்தும் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தேன். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பட்டறைக்குள் யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள்.

தண்ணீர் வடிந்து முடிய ஒரு மணி நேரமாவது ஆகும் என்று அற்புதசாமி வெள்ளைச்சாமியிடம் சொன்னார். அதுவரை யாரும் என்னை எழுப்பவில்லை.