வேறு கணினியோடு இணைந்த போன்

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுகிறேன். பல் துலக்குகிறேன். டீ போட்டு, அது ஆறுவதற்குள் சவரம் செய்கிறேன். சட்டையைத் தேய்க்கிறேன். டீயை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.

என் மனைவி சென்ற கோடையில் இறந்துபோனாள். ஆபரேஷனுக்கு உள்ளே போனவள் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மச்சினி வந்தாள். உட்காரும் முன்பே கேட்டாள்.

“மாமா, அக்காவோட பாட்டெல்லாம் எனக்கு வேணும்.”

“போனையே எடுத்துட்டுப் போ.”

“போன் உங்ககிட்டயே இருக்கட்டும். கம்ப்யூட்டரோட சிங்க் பண்ணி, பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. அவ்ளோ பெரிய கட்டடமெல்லாம் வரையறீங்க, இது வராதா?”

அவள் போன பிறகு மனைவியின் போனில் கேபிளைச் செருகினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்தப் போன் ‘லென்ஸ் ரூம்’ என்ற வேறொரு கணினியின் பாட்டுத் தொகுப்போடு இணைந்திருக்கிறது. போனில் உள்ள பாட்டுகளை அழித்துவிட்டு இந்தக் கணினியோடு சிங்க் செய்யவா? கீழே இரண்டு பொத்தான்கள். அழி. வேண்டாம்.

ஒரு போன் ஒரு கணினிக்குத்தான் கட்டுப்படுமாம். இன்னொன்றோடு சேர வேண்டுமென்றால் பழையதைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் சேர முடியும். மனிதர்களைவிடக் கறாரான ஏற்பாடு.

‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டுப் போனுக்குள் தேடினேன். அதை வாங்கிக் கொடுத்தவன் நான். கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எனக்குப் பிடித்த பாட்டுகளை இதே கணினியிலிருந்து ஏற்றியிருந்தேன். அவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அவளும் எங்கோ இதே பெட்டியைப் பார்த்திருக்கிறாள். ‘அழி’யை அமுக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகும், “நான் போட்ட பாட்டு கேக்கறியா?” என்று கேட்டால், “ம், நல்லாருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் ரூம் எதுவென்று எனக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. அவள் முன்பக்கம் நின்று, வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள். உள்ளே ஒருவர் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். ‘லென்ஸ்காரர்’ என்று அவள் சொல்லும்போதெல்லாம், வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு கிழவரை நானே செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் மாலை அங்கே போனேன். யாரென்று சொன்னதும் பின்னறைக்கு அனுப்பினார்கள். லென்ஸ்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அடர்த்தியான முடி. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

“வாங்க சார்.” ஸ்டூலில் கிடந்த லென்ஸ் உறைகளை அள்ளி இடம் செய்தார். அவர் பக்கத்தில் தேய்க்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அவ போன் உங்க கம்ப்யூட்டரோட சேந்திருக்கு.”

“ஆமா சார், ரேடியோவோட போன்தான?”

“யாரு?”

நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. கடையில அவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம். வாயே மூட மாட்டாங்க. இந்த மெஷின் சத்தத்துக்கு மேல பாடுவாங்க.”

வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

போனை வாங்கிக் கேபிளைச் செருகினார். பெட்டி எதுவும் வரவில்லை. தாய்வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவதுபோல, அந்தப் போன் அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது.

“நான் ஏத்தின பாட்டு இதுல இருந்துச்சு.”

“அது போயிடுச்சு சார். இங்க மொத தடவை செருகினப்ப என்னமோ கேட்டுச்சு. படிச்சே பாக்கல, அமுக்கிட்டாங்க. அப்புறம் பாத்தா எல்லாம் காலி.”

“வருத்தப்பட்டாளா?”

கொஞ்சம் யோசித்தார். “சிரிச்சாங்க சார். ‘விடுங்க, அவர் பாட்டெல்லாம் பக்கத்துல யாரோ தூங்கறாங்கன்னு பயந்து பயந்து பாடற மாதிரி இருக்கும்’னாங்க.”

நல்ல கிண்டல்தான். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

“அவ பாட்டையெல்லாம் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. அப்புறம் உங்க கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சிடுங்க.”

மெஷினை நிறுத்தினார். “அழிக்கணுமா?”

“ஆமா.”

“சரி சார். எதெதுன்னு சொல்லுங்க, அழிச்சிடறேன்.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“அவங்க போட்டது, நான் போட்டது, கவுண்டர்ல இருக்கறவங்க போட்டது, எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. பிரிச்சதில்ல. ஒவ்வொண்ணா ஓட்டறேன், அவங்க பாட்டு வந்தா சொல்லுங்க.”

ஓட்டினார். ஒரு பெண்குரல். அடுத்து வெறும் கிட்டார். அடுத்து, கேட்டால் கால் சும்மா இருக்காத ஒன்று. எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன. அவர் முகத்தைப் பார்த்தேன். சில பாட்டுகளுக்கு அவர் சாதாரணமாக இருந்தார். சிலவற்றுக்குப் பார்வையைத் தாழ்த்தினார். உதடு அசையப் போய் நின்றது. தெரியாது என்றவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. “இது அவளோடது” என்று நான் சொன்னால், பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்துப் பரீட்சை எழுதியதாகும்.

“போதும். இருக்கட்டும்.”

“அழிக்க வேணாமா?”

“வேணாம்.”

எதையும் பிரிக்காமல் மொத்தத்தையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மச்சினிக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. நான் எழுந்தபோது, கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“கேக்கலாமான்னு தெரியல சார். கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?”

அவள் பாட்டு இந்த அறையில் இருந்தது. கிண்டலும் பட்டப்பெயரும் இங்கேதான் இருந்தன. இது ஒன்றுதான் என்னிடம் மட்டும் இருந்தது. பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

“என் பேரச் சொன்னா,” என்றேன்.

தலையாட்டினார். நம்பிவிட்டார். வாசல்வரை கூடவே வந்தார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் முன் அவளை இயர்போனைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, போனோடு சேர்த்து என் கையில் திணித்தாள். அதற்குள்ளிருந்து ஏதோ ஒரு பாட்டு கொசு பறப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று நான் பார்க்கவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பிச் சொன்னாள்:

“பாட்டு ஓடிட்டிருக்கு பாரு. நிறுத்திடு, சார்ஜ் போயிடும்.”