தாளின் ஓரம்

வாய்மொழித் தேர்வு நடத்த மொம்பாசா வந்திருந்த பேராசிரியர் கிரிமி, மிஷியின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். முப்பது வருடங்களாகக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் அவருடைய புத்தகம் தவறு என்றது அந்த அத்தியாயம்.

"ஏம்மா, அந்தக் காலத்துல லாமு தீவுல ஒரு அம்மா தன்னோட தென்னந்தோப்பை ஆளுநருக்கு மனசாரக் குடுத்தாங்கன்னு நான் எழுதினேன். எனக்கப்புறம் ஒன்பது பேர் எழுதிட்டாங்க. பத்து பேருக்கும் கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியும் சார். அந்த அம்மா தம்பிக்கு எழுதின கடிதத்தைத்தான் யாரும் பாக்கல. ஒரு ஆங்கிலேய அதிகாரி அதுக்குப் பண்ண மொழிபெயர்ப்பைப் பாத்துட்டு எழுதினீங்க."

சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆய்வு வழிகாட்டி டாக்டர் சலாமா இருமினார். காலையில்தான் அவர் மிஷியிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்: "உன் ஆய்வேட்டை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கடி. இதுவும் போனா பட்டமே கிடையாது. கொஞ்சம் வளைஞ்சு குடு."

"அதிகாரிக்கு சுவாஹிலி தெரியாதா?" என்றார் கிரிமி.

"நல்லாவே தெரியும். தாள் நடுவுல இருந்ததை மட்டும் ஒழுங்கா மொழிபெயர்த்திருக்கார்."

மிஷி கடிதத்தின் புகைப்படத்தை மேசைமேல் தள்ளினாள். அரபு எழுத்தில் எழுதிய சுவாஹிலி. நடுவில் வரிகள் நேராக இருந்தன. சலாம், குடும்ப நலம், தோப்பைக் கொடுத்தாயிற்று என்ற செய்தி. இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பித் திருப்பி ஓரங்களில் சாய்வாக எழுதுவது லாமுக்காரர்களின் அந்தக் காலப் பழக்கம். மனதில் இருப்பதெல்லாம் அங்கேதான் வரும்.

"படிங்க சார்."

"இந்த எழுத்து எனக்கு வராதுன்னு தெரிஞ்சுதானே கேக்குற?"

"அப்ப நானே படிக்கிறேன்." தாளைப் பக்கவாட்டில் திருப்பினாள். "'தம்பி, பத்திரத்துல இருக்குற கையெழுத்து என்னோடதுதான். வாசல்ல மூணு பேர் வாளோட நின்னாங்க. என் பையனைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. நான் குடுக்கலன்னு கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லு.'"



"சரி, ஒரு அடிக்குறிப்பாப் போட்டுடு," என்றார் கிரிமி. "இன்னிக்கே பாஸ்."

"முடியாது சார். ஃபெயில்னு வேணா எழுதிக்குங்க. காரணத்தையும் எழுதுங்க."

கிரிமி பேனாவைத் திறந்தார். படிவத்தில் காரணத்துக்கென்று நான்கு வரி விட்டிருந்தார்கள். பேனா அங்கேயே நின்றது. கடைசியில் படிவத்தைச் சலாமா பக்கம் நகர்த்தினார்.

"டாக்டர், நீங்களே எழுதுங்க."

சலாமா புகைப்படத்தை எடுத்து, திருப்பித் திருப்பி நிதானமாகப் படித்தார்.

"எனக்கு இந்த எழுத்து வரும் சார். அவ ஒரு சொல்லைக்கூடத் தானாச் சேத்துப் படிக்கல. என்ன காரணம்னு நான் எழுதட்டும்?"