இடம் மாறிய கூந்தல்

லேத் பட்டறை பல்புவின் மனைவிக்குப் புற்றுநோய் ஊசியால் கொட்டிய முடி முழுவதும் மறுநாள் காலையில் அவன் தலையில் முளைத்திருந்தது. இருபத்தைந்து வயதிலேயே மழமழவென்று ஆகிப்போன தலை. பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். இப்போது இடுப்பு வரை கூந்தல், அவளுடைய அதே சுருட்டை, நெற்றியோரம் அவளுடைய அதே ஒற்றை நரை. சுழலும் லேத்தில் முடி சிக்கினால் ஆளே போய்விடுவான் என்று மேஸ்திரி அவனைக் கொண்டை போட்டு வரச் சொன்னார். கூட இருந்தவர்கள் இரண்டு நாள் சிரித்தார்கள், பிறகு வேலையைப் பார்த்தார்கள். "என்னைவிட உங்களுக்குத்தாங்க எடுப்பா இருக்கு," என்றாள் அவள், படுத்தபடியே. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டு கிளம்புவதாக அவனுக்குப் பட்டது. சவரக் கத்தியால் மழித்தான். மத்தியானத்துக்குள் திரும்ப இடுப்பைத் தொட்டது.

புற்றுநோய் டாக்டர் இதற்கெல்லாம் அசரவில்லை. வேகமாகப் பெருகும் செல்லைத் தேடித்தான் மருந்து அடிக்கும். கட்டியும் அப்படிப் பெருகுவதுதான், முடிவேரும் அப்படித்தான், மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது என்றார். "வேர் சாகலைங்க, தூங்குது. மருந்தை நிறுத்தினா தானா முளைச்சிடும்." பல்பு அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தினமும் எழுந்ததும் தலையணையைத் தடவி, ஒரு முடியாவது உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். வழுக்கைக்காக இப்படித் தவம் கிடந்தவன் வேறு எவனும் இருக்க மாட்டான், பாவி மனிதன்.

மழை ஓய்ந்த சமயத்தில் உதிர்ந்தது, கொத்துக் கொத்தாக. அவள் தலையில் பஞ்சுபோல் துளிர்த்து அந்த வாரமே தோளுக்கு இறங்கியது. பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். கட்டி மருந்துக்கு அடங்கவில்லை, இனி உடம்பும் தாங்காது, ஊசியை நிறுத்திச் சில வாரம் ஆகிறது, கூட வந்த அவளுடைய அக்காவுக்குத் தெரியும், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கள் மனைவிதான் கேட்டுக்கொண்டாள் என்றார்.

"அவ முடி மறுபடி கொட்டுறதுக்கு ஏதாவது குடுங்க டாக்டர். எல்லாத்தையும் நானே வெச்சுக்கறேன்."

அப்படி ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

வீட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துபோயிற்று. "கை தூக்க முடியலங்க, கொஞ்சம் பின்னி விடுங்க," என்றாள். அழுதுகொண்டே மூன்றாகப் பிரித்தான். கோடை வரை இருந்தாள். முடி கடைசி நாள் வரை வளர்ந்தது, கட்டிலைத் தாண்டித் தரையில் கிடந்தது. தினமும் பின்னி முடித்துவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போனான், மேஸ்திரியும் தாமதத்தைக் கேட்டதில்லை.